விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைத்தது தவறா?

வாசகர் கடிதம்: "என் அப்பாவுக்கு 67 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். பத்து நாட்களுக்கு முன் ஏணியில் நின்று விளக்கு மாற்றும்போது ஏழெட்டு அடி உயரத்திலிருந்து பின்பக்கமாக விழுந்துவிட்டார். சில நொடிகள் பேச்சில்லை. பிறகு கண்விழித்து 'கை, கை' என்று கத்தினார். வலது மணிக்கட்டு கோணிப் போயிருந்தது. பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம், தண்ணீர் கொடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மணிக்கட்டை இழுத்து நேராக்கப் பார்த்தார். முடியாமல் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். காரில் உட்காரவைத்தே கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு முறிவு. சிடி ஸ்கேனில் கழுத்தின் இரண்டாவது எலும்பில் விரிசல் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. தலைக்குள் ரத்தக்கசிவு இல்லையாம். இப்போது கழுத்துப்பட்டையோடு வீட்டில் நடமாடுகிறார். நாங்கள் தூக்கியதால்தான் கழுத்து உடைந்ததா? என்ன செய்திருக்க வேண்டும்? தலையை இன்னும் எத்தனை நாள் கவனிக்க வேண்டும்? நேற்று மணிக்கட்டுக்கு முழு மாவுக்கட்டு மாற்றினார்கள். இரவிலிருந்து விரல்கள் வீங்கி மதமதப்பாக இருக்கிறது, வலியில் தூங்கவில்லை. இது சகஜம்தானே?"

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது சகஜம் இல்லை. உங்களுக்கு இதை உடனே தெரிவித்தாயிற்று; மாவுக்கட்டு போட்ட யாருக்கும் இது நேரலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடும் விஷயம் இல்லை, அந்த இரவே கட்டுப் போட்ட இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

முழுக் கட்டுக்குள் வீக்கத்துக்குப் போக்கிடம் கிடையாது. அழுத்தம் ஏற ஏற முதலில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நெருக்கப்படும். தசைக்கும் நரம்புக்கும் போகும் ரத்தம் குறையும். கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். விரல் வெளுப்பதும் நாடி நிற்பதும் இதில் கடைசியாக வருபவை. அதுவரை காத்திருந்தால் கை போய்விடும். முதலில் வருவது வலி. மாத்திரைக்கு அடங்காத வலி, முறிவின் அளவுக்குப் பொருந்தாத வலி, வேறொருவர் விரலை மெல்ல நிமிர்த்தினால் முன்கை முழுக்கச் சுள்ளென்று பாயும் வலி. ரத்த ஓட்டம் அடைபட்ட தசை சுமார் 6 மணி நேரத்தில் மீளாத நிலைக்குப் போகத் தொடங்கும். மதமதப்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மட்டும் இருந்தால் மணிக்கட்டைக் கடந்து போகும் மீடியன் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அதுவும் அன்றே பார்க்க வேண்டியதுதான்.

மருத்துவமனையில் செய்வது எளிய வேலை. கட்டை நீளவாக்கில் வெட்டி, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி, அகட்டிவிடுவார்கள். மாவை மட்டும் வெட்டிப் பஞ்சை விட்டுவிட்டால் அழுத்தம் முழுசாக இறங்காது. அப்படித் திறந்தும் வலி தணியவில்லை என்றால் அறுவை அரங்கில் தசையுறையையே திறக்க வேண்டியிருக்கும். போகிற வழியில் கையைத் தலையணை மேல் இதய மட்டத்தில் வையுங்கள். சாதாரண வீக்கத்துக்குக் கையை உயர்த்தி வைக்கச் சொல்வோம். இந்தச் சந்தேகம் இருக்கும்போது உயர்த்தினால், ஏற்கெனவே குறைந்த ரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

இனி உங்களை உறுத்துகிற கேள்வி. கழுத்து நீங்கள் தூக்கியதால் உடைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கழுத்தின் இரண்டாவது எலும்பில் பல் போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முளை ஒன்று உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நின்ற இடத்திலேயே தடுக்கி விழுந்தால்கூட அது முறியும். ஏழெட்டு அடி தாராளம். உடைத்தது விழுகை. தூக்குதல் செய்யக்கூடிய கெடுதல் வேறு: உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்குவது. அப்பா நடக்கிறார், கைகால் வேலை செய்கிறது என்றால் அது நடக்கவில்லை. உடல் கொடுத்த இடமும் அதற்கு ஒரு காரணம். முதல் கழுத்தெலும்பின் வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கை அந்த முளையும், ஒரு பங்கைத் தண்டுவடமும் பிடித்துக்கொள்ள, மூன்றாவது பங்கு காலி. இதே விரிசல் இன்னும் கீழே, இடம் நெருக்கமான பகுதியில் இருந்து, எலும்பு சற்று நகர்ந்தும் இருந்தால் கதை வேறாகியிருக்கலாம். மூச்சு இழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆவது நரம்பு வேர்களிலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே, அதாவது அப்பாவுக்கு விரிசல் விட்ட மட்டத்தில், தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும்.

கழுத்தைப் பற்றி யாருக்கும் நினைவு வராததற்குக் காரணம் மணிக்கட்டுதான். ஓரிடத்தில் கடும் வலி இருந்தால் இன்னோரிடத்தின் வலி உறைக்காமல் போகலாம். அதனால் 'கழுத்து வலிக்கிறதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலை மட்டும் நம்பக் கூடாது. எப்படி விழுந்தார் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டும். 3 அடிக்கு மேல், அல்லது 5 படிக்கு மேல் விழுந்தவர், தலைகுப்புற நீரில் குதித்தவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், கைகால் மதமதப்பவர், விழுந்து நினைவு தப்பியவர்: இவர்களுக்கெல்லாம் கழுத்து முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே கையாள வேண்டும். 65-ஐத் தாண்டியவர் என்றால் சாதாரணமாக வழுக்கி விழுந்தாலும் அப்படித்தான். உயரத்திலிருந்து குதிகாலில் இறங்கியவருக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குதிகால் உடைந்த விசை அப்படியே மேலேறி இடுப்புப் பகுதி முதுகெலும்பையும் நொறுக்கியிருக்கலாம். குதிகால் முறிவுக்கு வந்தவரின் முதுகையும் மருத்துவர் தட்டிப் பார்ப்பது அதனால்தான்.

அன்று செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில் ஏணி, மின்கம்பி எதுவும் உங்கள் மேல் விழாது என்று பார்த்துக்கொண்டு, அவர் கண்ணுக்கு எதிரே, கால் பக்கமிருந்து போங்கள். பின்னாலிருந்து 'அப்பா!' என்று கூப்பிட்டால் அவர் முதலில் செய்வது தலையைத் திருப்புவதுதான். 'தலையை ஆட்டாமல் வாயால் பதில் சொல்லுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையிலோ தன் தொடையிலோ ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையின் இரு பக்கமும் பிடிக்க வேண்டும். காதை மூடிவிடாதீர்கள், அவருக்குக் காது கேட்க வேண்டும். இழுக்கக் கூடாது, நிமிர்த்தக் கூடாது. இருக்கிற நிலையில் நிறுத்திப் பிடிப்பதுதான் வேலை. முழங்கை ஊன்றாமல் பிடித்தால் ஐந்தே நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும், அந்த நடுக்கம் கழுத்துக்குப் போகும். தலை கோணலாக இருந்து, நேராக்கும்போது வலித்தாலோ தடுத்தாலோ கோணலாகவே விட்டுவிடுங்கள். பல வருடங்களாகக் கூன் விழுந்த கழுத்தைத் தரையில் மட்டமாகப் படுக்கவைக்க முயல்வதும் ஆபத்து. தலைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை மடித்த துணியால் நிரப்புங்கள். அவர் முழு நினைவோடு முரண்டு பிடித்தால் மல்லுக்கட்டாதீர்கள், மல்லுக்கட்டும்போதுதான் கழுத்து அதிகம் அசையும்.

கழுத்துப்பட்டை வீட்டில் இருந்தால் மாட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மாட்டாதீர்கள். முறையான பயிற்சி இல்லாமல் மாட்டும்போதே கழுத்து அசையும். மெத்தென்ற துணிப்பட்டையோ எதையும் பிடித்து நிறுத்தாது.

தலை கையில் இருக்கும்போதே மற்றவர் மூச்சையும் ரத்தத்தையும் பார்க்கட்டும். அவசர ஊர்தியை அழைத்து, என்ன உயரத்திலிருந்து விழுந்தார், நினைவு தப்பியதா, ரத்தத்துக்கான மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்லுங்கள். அதற்கேற்ற ஆட்களும் கருவிகளும் வருவார்கள். கால்விரலை ஆட்டச் சொல்லுங்கள், இரண்டு கையாலும் உங்கள் விரலை அழுத்தச் சொல்லுங்கள், தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள், நேரத்தோடு குறித்துவையுங்கள். 'முதலில் ஆட்டினார், இப்போது ஆட்டவில்லை' என்ற ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய தகவல். தண்ணீர் கொடுத்தது தேவையில்லாதது. அறுவை சிகிச்சை வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால் அந்தத் தண்ணீரே மூச்சுக்குழாய்க்குள் போகும். வாய் வறண்டால் உதட்டை நனைத்துவிடுங்கள், போதும். நல்ல போர்வை ஒன்றைப் போர்த்துங்கள். தரையில் கிடப்பவர் வேகமாகக் குளிர்ந்துபோவார், குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது.

அசைத்தே ஆக வேண்டிய கட்டாயங்கள் சில உண்டு: தீ, வெள்ளம், வண்டிகள் பாயும் சாலை, மூச்சு நிற்பது, வாந்தி. வாந்தி வந்தால் மல்லாந்த நிலையில் விடக் கூடாது, உடலை ஒரே கட்டையாக உருட்டிப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலைமாட்டில் இருப்பவர் தலையைப் பிடித்தபடி 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்ல, தோளையும் இடுப்பையும் முழங்காலையும் பிடித்தவர்கள் சேர்ந்து திருப்புவார்கள். குரல் தலையைப் பிடித்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இடுப்பைப் பிடித்தவர் எண்ணினால் தலை பிந்திவிடும். தனியாக இருக்கிறீர்கள் என்றால் தலையும் உடலும் முடிந்தவரை ஒரே கோட்டில் வரும்படி திருப்பிவிடுங்கள். வாந்தியில் மூச்சுத் திணறிச் சாவதைவிடக் கழுத்து சிறிது அசைவது மேல். மூச்சு நின்றுவிட்டால் அதே கணக்குதான். தாடையின் இரு கோணங்களிலும் விரல் வைத்து முன்னுக்குத் தள்ளி மூச்சுவழியைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் தலையைச் சாய்த்தே திறங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, ஆனால் 6 செ.மீ.க்கு மேல் போகாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். கழுத்து முறிந்திருக்குமோ என்று பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரு சக்கர வண்டி விபத்தில் இதே விதிகளோடு ஹெல்மெட்டும் சேரும். மூச்சு விடுகிறார் என்றால் கழற்றாதீர்கள், முகக்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். மூச்சுக்கோ வாந்திக்கோ தடையாக இருந்தால்தான் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழிருந்து ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்க, மற்றவர் தாடைப்பட்டையை அவிழ்த்து, ஹெல்மெட்டின் பக்கங்களை அகட்டி, மூக்கு இடிக்காமல் சற்றுச் சாய்த்து உருவ வேண்டும். உருவி முடிந்த கணத்தில் தலை பொத்தென்று தரைக்கு இறங்கும். பிடரிக் கை தாங்கிக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

மணிக்கட்டுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணம் நல்லது, ஆனால் முறிந்த எலும்பின் கூர்முனைக்குப் பக்கத்திலேயே நரம்பும் தமனியும் ஓடுகின்றன. மரக்கச் செய்யாமல் இழுத்தால் தசை இறுகி எதிர்த்து இழுக்கும், முனை எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. கோணலாக இருந்தால் கோணலாகவே சிம்பு (முறிந்த இடம் அசையாமல் தாங்கும் பட்டை) வைத்துக் கட்டுங்கள். சிம்புக்கு மடித்த அட்டைப்பெட்டி, சுருட்டிய தடித்த பத்திரிகை எதுவும் ஆகும். முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அதற்குள் அடங்க வேண்டும். முறிவு மூட்டிலேயே இருந்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகள் அடங்க வேண்டும்; மணிக்கட்டு என்றால் முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை. எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சோ துணியோ மெத்தையாக வையுங்கள். கட்டுகளை முறிவின் மேலேயே போடாமல் மேலும் கீழுமாகப் போடுங்கள். கட்டுவதற்கு முன்பே மோதிரம், வளையல், கடிகாரம் மூன்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து வீங்கிய விரலில் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க முடியும்.

கட்டிய பிறகு பார்க்க வேண்டியதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2 நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். மறு கையோடு ஒப்பிட்டு விரல் குளிர்ந்திருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, விரலை ஆட்ட முடிகிறதா என்று கட்டுவதற்கு முன்பும் பின்பும், பிறகு 10, 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் பாருங்கள். கட்டியதால் மோசமானால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஐஸ் வைப்பது வலியைக் குறைக்கும், ஆனால் துணியில் சுற்றி 15, 20 நிமிடம்தான். உருவிவிடுவது, தைலம் தேய்ப்பது எதுவும் வேண்டாம். குழந்தைகளின் முழங்கைக்கு மேல் முறிவில் இறுக்கக் கட்டுவது மிகக் கொடியது. முழங்கை முன்பக்கத் தமனி நசுங்கி முன்கைத் தசைகள் செத்துச் சுருங்கினால் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான நனைந்த துணியால் மூடி, பொடியோ பசையோ எதுவும் போடாமல் அனுப்புங்கள். முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஊசி வழியாக ஏற வேண்டும். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி, நேராக அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையால் முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவைத்துவிடுங்கள். நடுவே தளர்த்திப் பார்க்காதீர்கள். கயிறு, கம்பி போன்ற மெல்லியவை தோலையும் நரம்பையும் அறுக்கும், தமனியை அடைக்காது.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உயிர் போகக்கூடிய முறிவுகள் இரண்டு. தொடை எலும்பு முறிந்தால் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கலாம். இடுப்புக்கூடு உடைந்தால் 2 லிட்டரையும் தாண்டும். பெரியவர் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர். இடுப்பு உடைந்ததா என்று இடுப்பெலும்பை அழுத்தியும் அசைத்தும் பார்க்கும் பழக்கம் உறைந்த ரத்தக்கட்டியைக் கலைத்துவிடும். முழங்கால்களைச் சேர்த்துக் கட்டி, மடித்த போர்வையைத் தொடையின் மேல்முனையில் பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மட்டத்தில் சுற்றி இறுக்குங்கள். இடுப்புப்பட்டி அணியும் இடத்தில் கட்டினால் பயனில்லை. வியர்த்து, வெளுத்து, நாடி வேகமாக ஓடினால் ரத்த இழப்பு. தண்டுவடம் அறுபட்டவருக்கோ ரத்த அழுத்தம் இறங்கியும் தோல் வெதுவெதுப்பாக, நாடி மெதுவாக இருக்கும். ஆனால் விபத்தில் அடிபட்டவரிடம் முதலில் ரத்த இழப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூட்டு நழுவலில் தோள்பட்டைதான் அதிகம். அதை நீங்கள் இழுத்துப் பொருத்தாதீர்கள். தோளின் வெளிப்புறத்தில் மரத்துப்போன திட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், தலையணையை அக்குளுக்கும் கைக்கும் இடையில் வைத்துத் தூளி கட்டி அனுப்புங்கள். வலிப்போ மின்சாரமோ தாக்கிய பிறகு கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் தோள் பின்பக்கமாக நழுவியிருக்கலாம். ஒரே கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பும். காரில் முழங்கால் முன்பலகையில் இடித்து இடுப்பு மூட்டு நழுவினால் 6 மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும், தாமதித்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது பட்டுப்போகலாம். முழங்கால் மூட்டு நழுவி, தானே திரும்பிப் பொருந்தி ஒன்றும் நடக்காததுபோல் இருக்கலாம். அதன் பின்னால் ஓடும் தமனி கிழிந்திருக்கக்கூடும், ஆகவே அதையும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகத் தலை. முதல் ஸ்கேனில் கசிவில்லை என்பது பெரிய நிம்மதி. பொதுவாக முதல் 24 முதல் 48 மணி நேரம்தான் கூர்ந்து கவனிக்க வேண்டிய காலம். காதுக்கு மேலே உள்ள எலும்பு மெல்லியது. அதை ஒட்டி ஓடும் தமனி கிழிந்தால் அடிபட்டவர் எழுந்து, தெளிவாகப் பேசி, சில மணி நேரம் கழித்துச் சரிந்து விழுவார். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் வயதானவர்களுக்கு, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, மூளையைச் சுற்றியுள்ள சிறிய சிரைகளிலிருந்து துளித்துளியாகக் கசிந்து வாரக்கணக்கில் சேரும் ரத்தத் தேக்கம் வரலாம். வயதோடு மூளை சற்றுச் சுருங்குவதால் உள்ளே இடமிருக்கிறது. அந்த இடம் நிறையும்வரை அறிகுறி தெரியாது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பகலில் தூக்கம், பேச்சில் குழறல், ஒரு பக்கக் கால் இழுத்தல், பெயர்களை மறத்தல் ஆகியவை வயதின் குணம் என்று சும்மா விடும்படி வருபவை. அடுத்த மூன்று மாதங்களுக்கு இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கண்மணிகள் வேறுவேறு அளவில் இருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் ஒழுகுதல் என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஒழுகும் காதில் பஞ்சு அடைக்காதீர்கள்.

பயந்துபோய் ஸ்டென்ட்டுக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை இதய மருத்துவரும் தலைக்கான மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வலிக்கு பாரசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், மருத்துவர் சொல்லாமல் சேர்க்காதீர்கள். கழுத்துப்பட்டையின் தாடையடியிலும் பிடரியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அதற்காகப் பட்டையைத் தளர்த்துவதாக இருந்தால், மருத்துவமனையில் காட்டிக்கொடுத்தபடி மட்டும். விழுங்கும்போது இருமினால் உணவைச் சிறு கவளமாக்கி, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போது மருத்துவமனைக்குப் போனாலும் அன்று எடுத்த சிடி படத்தையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் கசிவு புதிதா என்று அவர்களுக்கு உடனே தெரியும்.